நான்காவது பேருந்தின் தாமதம்

2024 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை. ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் ஒரு காலணி ஏற்றுமதி ஆலையின் வாசலில், மேல்பாகம் தைக்கும் பிரிவைச் சேர்ந்த அன்னம்மாள் காலை 8.24க்கு வருகைப்பதிவு இயந்திரத்தில் முகத்தைக் காட்டினாள். சென்னைத் தலைமை அலுவலகத்தின் சர்வரில் அவள் வந்த நேரம் 8.37 என்று பதிவானது. வேலை தொடங்கும் நேரம் 8.30.

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் அன்னம்மாள் மாடியேறி வந்து சிஸ்டம் அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். தையல் பிரிவு ஆட்கள் யாரும் அந்த மாடிக்கு வருவதில்லை. நீல ஏப்ரனைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தாள். கையில் நான்காக மடித்த ஒரு காகிதம். உள்ளே டிஃபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்த அம்பரீன் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். ஆலையின் கணினிகள், கேமராக்கள், வலைத்தொடர்பு எல்லாவற்றுக்கும் அம்பரீன்தான் பொறுப்பு. ஆறு வருடமாக அந்த அறையில் இருக்கிறாள். அந்தப் பெண்ணின் முகம் அவளுக்குத் தெரியும், பெயர் தெரியாது.

"மூணாவது மெமோ மேடம். திங்கக்கெழம என்கொயரின்னு போட்டுக்கீறாங்க. நான் எட்டு இருவத்திநாலுக்கே மொகத்த காட்டிட்டேன். பச்ச லைட்டு எரிஞ்சிச்சி. நன்றின்னு கூட சொல்லிச்சி அந்த மெஷினு."

"ஹெச்சார்ல சொன்னீங்களாக்கா?"

"சொன்னேன். மெஷினு பொய் சொல்லுமான்னு கேக்குறாரு. மெஷினு பொய் சொல்லுமா, சொல்லாதான்னு எனக்கு இன்னா மேடம் தெரியும்? அது உங்களுக்குத்தான் தெரியும்னு செக்யூரிட்டி சொன்னாரு. அதான் வந்தேன்."

காலாண்டில் மூன்று தாமதம் என்றால் ஒரு மெமோ. மூன்று மெமோ என்றால் விசாரணை. விசாரணை என்றால் வேலை போய்விட்டது என்று அர்த்தம். யாரும் விசாரணைக்குப் போய்த் திரும்பித் தையல் லைனில் உட்கார்ந்ததாக ஆலையில் நினைவில்லை. அன்னம்மாள் பதினோரு வருடமாக அங்கே தைக்கிறாள்.

அம்பரீனுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். தாமதமாக வந்தவர்களின் பட்டியல் வெள்ளிக்கிழமைதோறும் தானாகவே கோதண்டராமனின் மின்னஞ்சலுக்குப் போகும்படி நிரல் எழுதியவளே அவள்தான். அதற்காக மனிதவளத் துறை மேலாளரான அவர் அவளை எல்லோர் முன்னாலும் பாராட்டியிருக்கிறார். பட்டியலில் திரும்பத் திரும்ப வரும் பெயர்களைப் பார்த்து, இவர்களால் ஒரு பத்து நிமிடம் முன்னால் எழுந்திருக்க முடியாதா என்று அவளும் நினைத்ததுண்டு. இப்போது அந்தப் பெயர்களில் ஒன்று ஏப்ரனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிரில் நிற்கிறது.

வாசல் இயந்திரங்கள் தங்கள் நினைவிலும் ஒரு பதிவை வைத்துக்கொள்ளும். அதை யாரும் பார்ப்பதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காவலாளி தனக்கு வேண்டியவர்களுக்காக இயந்திரத்தின் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைத்து மாட்டிக்கொண்டான். அதிலிருந்து, சர்வருக்குப் பதிவு போய்ச் சேரும் நேரமே வருகை நேரம் என்று கோதண்டராமன் விதி செய்துவிட்டார். அம்பரீன் வாசல் இயந்திரத்தின் நினைவைத் திறந்து பார்த்தாள். அன்னம்மாள், 8.24. பிறகு சர்வரைப் பார்த்தாள். 8.37. முந்தைய தாமதங்களையும் பார்த்தாள். ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று நிமிட வித்தியாசம். டிஃபன் பாக்ஸை மூடி வைத்தாள்.

"நீங்க போங்கக்கா. நான் பாக்குறேன்."

"பாப்பீங்களா மேடம்?"

"பாக்குறேன்."

மறுநாள் காலை எட்டே காலிலிருந்து அவள் ஃபயர்வாலின் திரையை விட்டு நகரவில்லை. ஆலைக்கும் வெளியுலகுக்கும் நடுவே நின்று, போகிற வருகிற ஒவ்வொரு தகவலையும் சோதித்து அனுப்பும் காவல் அது. ஜனவரி வரை அது தனி இரும்புப் பெட்டியாக அலமாரியில் இருந்தது. பிறகு செலவு கம்மி, வேகம் ஜாஸ்தி என்று சொல்லி, ஆலையின் சர்வருக்குள்ளேயே ஓடும் மெய்நிகர் ஃபயர்வாலாக மாற்றினார்கள். எட்டு கோர்களுக்கு உரிமம். கோர் என்பது கணினி மூளைக்குள் இருக்கும் வேலையாள். எட்டு இருந்தால் எட்டு வேலை ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். சென்னையிலிருந்து ராஜேஷ் என்ற பொறியாளர் காலையில் வந்து, பிற்பகலில் முடித்து, பிரியாணி சாப்பிட்டு, மாலை ரயிலில் போய்விட்டான். 

எட்டு பதினெட்டுக்கு முதல் கோர் நூறு சதவீதத்தைத் தொட்டது. மற்ற ஏழும் மூன்று, நான்கு, இரண்டு என்று கிடந்தன. எட்டு இருபதுக்கும் அப்படியே. எட்டரைக்கும் அப்படியே. ஷிஃப்ட் விளக்குகள் எரிந்ததும் கேமராக்கள் எல்லாம் தலைமை அலுவலகத்துக்குப் படம் அனுப்பத் தொடங்கும். அலுவலகக் கணினிகள் அப்போதுதான் கண் திறக்கும். அந்த நெரிசலில் வருகைப்பதிவின் சின்னஞ்சிறு தகவல்கள் முதல் கோரின் வாசலில் முட்டி விழுந்துகொண்டிருந்தன. பதில் வராத இயந்திரம் சில நிமிடம் பொறுத்து மறுபடி அனுப்பும். அதுவும் விழும். மறுபடி அனுப்பும். நன்றி என்று அது சொன்னது வாசலில். நேரம் குறிக்கப்பட்டது சென்னையில். நடுவில் இருந்த பதின்மூன்று நிமிடத்தை அந்தப் பெண்ணின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

எழுதியவர்களில் தானும் ஒருத்தி என்பது அம்பரீனுக்குப் புரிந்தது. ஏழு மாதமாக அந்தத் திரை அவள் மேசைக்கு எதிரில்தான் இருக்கிறது. மொத்தச் சராசரி பதினைந்து சதவீதம் என்று பச்சை நிறத்தில் காட்டியதைப் பார்த்துத் திருப்திப்பட்டிருக்கிறாள். எட்டு பேரில் ஒருவன் மூச்சுத்திணறி ஏழு பேர் தூங்கினாலும் சராசரி பச்சையாகத்தான் இருக்கும்.

மெமோ வாங்கிய பெண்களின் பட்டியலை எடுத்தாள். நாற்பத்தொரு பேர். அதில் முப்பத்தாறு பேர் நான்காவது பேருந்தில் வருகிறவர்கள். பேர்ணாம்பட்டுப் பக்கம் மூன்று காலனிகளிலிருந்து வரும் வண்டி அது. கீழே இறங்கி, வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுப் பீடி பற்றவைத்திருந்த ஓட்டுநர் முனிரத்தினத்திடம் கேட்டாள்.

"எத்தன மணிக்குண்ணா வருவீங்க?"

"எட்டேகாலுக்கெல்லாம் வந்து ரோட்ல நின்னுனு இருப்பேன் மேடம். இன்னா பண்றது? முன்னாடி மூணு வண்டி எறங்கினாத்தான் நமக்கு கேட்டு தொறக்கும்."

"நீங்க மொதல்ல வந்தா?"

"மொதல்ல வந்தாலும் ஓரங்கட்டி நிக்கணும். கட்சி ஊர்கோலத்துக்குக்கூட இவ்ளோ ரூல் கெடையாது." புகையை ஊதிச் சிரித்தான். "ஆரம்பத்துலேர்ந்தே அப்டித்தான். யாரு வெச்சாங்கன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. எங்க வண்டி கடேசி வண்டி."

முதல் மூன்று பேருந்துக்காரர்களின் பதிவுகளும் தாமதமாகத்தான் போயிருந்தன. ஆனால் எட்டரைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன. நான்காவது பேருந்து இறங்கும்போது அடைப்பு முழுதாகியிருக்கும்.

கோதண்டராமன் மேசையில் சுதந்திர தின விழாவுக்கான கொடிகள் குவிந்திருந்தன. அவள் வைத்த காகிதங்களைக் கொடிகளுக்கு மேல் பரப்பிப் பொறுமையாகப் பார்த்தார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. யாருக்காவது பிரசவம் என்றால் ஆலை ஜீப்பை அனுப்புகிறவர்.

"இந்த பஸ்ஸு ஆளுங்களே இப்டித்தாம்மா. இருவது வருஷமா பாக்குறேன். அவங்க ஊரு வாகு அப்டி. நீ என்னமோ கம்ப்யூட்டர் மேல பழி போடுற."

"சார், வாசல்ல எட்டு இருவத்திநாலுன்னு இருக்கு. கோளாறு நம்ம ஃபயர்வால்ல."

"மெஷினுக்கு யாரு எந்த ஊரு, எந்தத் தெருன்னு தெரியுமா? தெரியாதில்ல? அப்புறம் எப்டி அது அவங்கள மட்டும் புடிக்கும்?"

"அவங்கள கடேசியா எறக்கி விடுறது நாமதான சார். மெஷினு இல்லியே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. கோளாறு இருக்குன்னா மொதல்ல அத சரி பண்ணு. அப்புறம் பேசலாம். இன்னொண்ணு சொல்றேன், உன் நல்லதுக்குத்தான். இத எழுத்துல கொடுத்தியானா, ஏழு மாசமா நீ இன்னா பண்ணினன்னு சேட் கேப்பாரு."

ராஜேஷுக்குப் போன் செய்தாள். அவன் ஏதோ உணவகத்தில் இருந்தான். தட்டுகள் உரசும் சத்தம் கேட்டது.

"ஸ்லோவா இருக்கா மேடம்? இன்னொரு நாலு கோர் லைசன்ஸ் எடுத்துருங்க. பன்னெண்டு ஆயிரும். பிரச்சனையே இருக்காது."

"இருக்கிற எட்டுல ஏழு சும்மா குந்தினு இருக்கு. இன்னும் நாலு எதுக்கு? அதுங்களுக்குத் துணைக்கா?"

"டீஃபால்ட்ல, வந்த செட்டிங்லயே விட்டிருப்பாங்க போல மேடம்."

"விட்டிருப்பாங்கன்னா யாரு? நீங்கதான வந்தீங்க?"

"புகார் டிக்கெட் போடுங்க மேடம். திங்கட்கிழமைக்கு அப்புறம் பாக்கலாம்."

திங்கட்கிழமை அன்னம்மாளுக்கு விசாரணை. போன் பேசிய அன்றே மதியம் அம்பரீன் கேன்டீன் வாசலில் அவளைப் பார்த்துக் கோளாறைச் சொன்னாள். உங்கள் லைனில் எட்டு தையல் இயந்திரம் போட்டு, வெட்டிய தோலை எடுத்து நீட்ட ஒரே ஒரு ஆளை வைத்தால் எப்படி இருக்கும், அப்படி என்றாள்.

அன்னம்மாள் உடனே பிடித்துக்கொண்டாள். "ஏழு பேரு சும்மா குந்தினு இருப்பாளுங்க. எங்க லைன்ல ஒருத்தி அர நிமிசம் கைய கட்டினா சூப்பர்வைசர் கத்துவாரு. இதுங்கள ஏழு மாசமா யாருமே பாக்கலியா மேடம்?"

அம்பரீன் மாடிக்குத் திரும்பி ஃபயர்வாலின் கையேடுகளைத் தேடி எடுத்தாள்.

விடுமுறை நாளும் அடுத்த இரண்டு நாளும் ஃபயர்வால் நிறுவனத்தின் கையேடுகளைப் படித்தாள். ராஜேஷ் அந்த மெய்நிகர் ஃபயர்வாலுக்குப் பழைய வகை நெட்வொர்க் கார்டைக் கொடுத்திருந்தான். அதற்கு ஒரே வரிசைதான் உண்டு. ஒரு வரிசையை ஒரு கோர்தான் கையாள முடியும். எட்டில் ஒன்று வருவதை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும், மற்ற ஏழும் சோதிக்கும் என்பது ஏற்பாடு. வாங்குகிறவன் திணறினால் சோதிக்கிறவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். காசு கொடுத்து வாங்கிய எட்டும் இருந்தன. பிரித்துக் கொடுக்கும் ஒழுங்கு இல்லை. அதை நிறுவியவன் பார்க்கவில்லை, பணம் கொடுத்தவர்கள் பார்க்கவில்லை, காவல் காத்தவளும் பார்க்கவில்லை. கடைசிப் பேருந்தில் வந்தவள் மட்டும் அதைச் சுமந்தாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆலை வெறிச்சென்றிருந்தது. பழைய அமைப்பை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, ஃபயர்வாலை நிறுத்தினாள். கார்டைப் புதிய வகைக்கு மாற்றி, இரண்டு வரிசை கொடுத்தாள். எட்டு கோர்களில் இரண்டை வாங்கிப் பிரிக்கவும் ஆறைச் சோதிக்கவும் ஒதுக்கினாள். மறுபடி இயக்கியபோது கார்டுகளின் பெயர் வரிசை மாறி, உள்பக்கமும் வெளிப்பக்கமும் இடம் மாறிக்கிடந்தன. ஆலைக்கு வெளித்தொடர்பே இல்லை. அது எழுந்திருக்காவிட்டால் திங்கட்கிழமை கப்பல் ஆவணங்கள் போகாது, போகாவிட்டால் வேலை போகும் இரண்டாவது பெண் அவளாக இருப்பாள். இடத்தை மாற்றிப் போட்டு மீண்டும் இயக்கினாள். பதினோரு நிமிடத்தில் தொடர்பு திரும்பியது. கேமராக்கள் எல்லாவற்றையும் ஓடவிட்டுச் சோதித்தாள். முதல் கோர் முப்பத்தெட்டு சதவீதம். இரண்டாவது முப்பத்தாறு. மற்ற ஆறும் இருபதை ஒட்டி. யாருமில்லாத அறையில் "யா அல்லாஹ்" என்று சத்தமாகச் சொல்லி நாற்காலியில் சாய்ந்தாள்.

திங்கட்கிழமை காலை நான்காவது பேருந்து இறங்கியது. வாசலில் 8.25 என்றால் சர்வரிலும் 8.25. எட்டரைக்குப் பிறகு ஒரு பெயர்கூட இல்லை. அவள் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு எழுந்தபோது கைபேசி அதிர்ந்தது. அதிகாரிகளின் வாட்ஸப் குழுவில் கோதண்டராமனின் செய்தி. இன்றைய தாமதம் பூஜ்யம் என்று எழுதி, மூன்றாவது மெமோ கொடுத்ததன் பலன், கண்டிப்பு இருந்தால் எந்த ஊர்க்காரர்களும் நேரத்துக்கு வருவார்கள் என்று முடித்திருந்தார். கீழே வரிசையாகக் கைதட்டும் படங்கள்.

அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அவள் செய்த வேலை அவர் கையில் சாட்சியமாகியிருந்தது. முதலில் எழுதிக் கொடுத்துவிட்டு அப்புறம் சரி செய்திருக்க வேண்டும். முதலில் சரி பண்ணு என்றவரை நம்பினாள். ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று மனிதவளத் துறைக்கு இறங்கினாள். விசாரணை நடக்கிறது, உள்ளே போகக்கூடாது என்று உதவியாளர் தடுத்தார். மாடிக்குத் திரும்பி வந்து, இரண்டு நேரங்களையும் பக்கம் பக்கமாக வைத்து நாற்பத்தொரு பேருக்கும் அறிக்கை தயாரிக்க உட்கார்ந்தாள். பதினொன்று நாற்பதுக்கு ஒரு கோரிக்கை வந்தது. பணியாளர் அன்னம்மாளின் முகப்பதிவை எல்லா இயந்திரங்களிலிருந்தும் நீக்கவும். காரணம்: ராஜினாமா.

மறுபடி கீழே போனபோது கோதண்டராமன் அவரே சொன்னார். "டிஸ்மிஸ்னு போட்டா வேற எந்தக் கம்பெனியிலயும் சேத்துக்க மாட்டாங்கம்மா. அதான் ராஜினாமான்னு எழுதிக் கொடுக்கச் சொன்னேன். அவளுக்கு நல்லதுதான பண்ணேன்?"

"அவங்க தப்பே பண்ணல சார். நேத்து சரி பண்ணேன், இன்னிக்கி பூஜ்யம். மெமோ கொடுத்ததுக்கு அப்புறமும் போன வாரம் பூரா அதே தாமதம் இருந்துச்சி. பாருங்க."

"கையெழுத்து போட்டுட்டா." அவர் காகிதத்தைத் தொடவில்லை. "போட்டது அவதான."

அறிக்கையின் கீழே தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டு அம்பரீன் நேராக, சேட் என்று எல்லோரும் சொல்லும் இயக்குநர் இஷ்தியாக் அகமதுவிடம் போனாள். அவர் கடைசிப் பக்கம் வரை படித்தார். இரண்டு கேள்வி கேட்டார். இரண்டும் சரியான கேள்விகள்.

"நீ சொல்றது நெஜம் பேட்டா," என்று மகளிடம் பேசுவதுபோல் சொன்னார். "ஆனா அடுத்த மாசம் நம்ம ஷூ வாங்குற வெளிநாட்டு பையரோட ஆடிட் வருது. நாப்பத்தோரு பேரு மெமோ தப்புன்னு ஃபைல்ல இருந்தா இன்னா ஆவும்? அமைதியா ரத்து பண்ணிடலாம். நான் சொல்லிடறேன்."

"அன்னம்மாள் சார்?"

"அவங்க ரிசைன் பண்ணிட்டாங்களே."

ஆகஸ்ட் 23 அன்று அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டது. தொழிலாளர்களின் ஒழுங்கு மேம்பட்டிருப்பதைப் பாராட்டி, நிர்வாகம் பெருந்தன்மையுடன் நாற்பது பேரின் மெமோக்களை ரத்து செய்கிறது. ஃபயர்வால் என்ற சொல்லே அதில் இல்லை. பெண்கள் கூட்டமாக நின்று படித்தார்கள். சேட் நல்லா இருக்கணும் என்று ஒருத்தி வாழ்த்தினாள். அம்பரீன் அவர்களைக் கடந்து போனாள். செய்யாத தவறுக்கு மன்னிப்பு கிடைத்ததற்காக அவர்கள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் ஆம்பூர் பேருந்து நிலையத்துக்கு அன்னம்மாளை வரச்சொன்னாள். அவள் பேர்ணாம்பட்டில் ஒரு சின்னத் தோல்பை பட்டறையில் தினக்கூலிக்குச் சேர்ந்திருந்தாள். விரல் நுனிகளில் பசை காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. அம்பரீன் உறையில் போட்டு அறிக்கையின் நகலைக் கொடுத்தாள். அன்னம்மாள் அதைப் பிரித்து, எண்களின் மேல் விரலை ஓட்டி, தன் பெயர் இருக்கும் வரியில் நிறுத்தினாள்.

"எட்டு இருவத்திநாலு."

"ஆமாக்கா."

"நான் சொன்னதுதான?"

"நீங்க சொன்னதுதான்."

"கையெழுத்து போட்றப்போ அந்தாளு சொன்னாரு, நீ எதிர்த்துப் பேசினா உன் பஸ்ஸு பொம்பளைங்க எல்லாத்துக்கும் போய்டும்னு. அதான் போட்டேன்." காகிதத்தை மடித்தாள். "இத வெச்சி இன்னா பண்றது மேடம்?"

"லேபர் ஆபீஸ்ல மனு கொடுக்கலாம். கட்டாயப்படுத்தி எழுதி வாங்கினாங்கன்னு."

"கொடுப்பேன். இதுல எழுதிக்கீறது யாருக்கு புரியும்? கோரு, வரிச, கார்டுன்னு நான் போய் சொன்னா சிரிப்பாங்க." நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க வந்து சொல்வீங்களா?"

பேர்ணாம்பட்டு வண்டி கிளம்புவதாக நடத்துநர் கத்தினார். அம்பரீனுக்கு வீட்டுக்கடன் நினைவுக்கு வந்தது. நிக்காஹ் பேசிக்கொண்டிருக்கும் தங்கை ஜோயா நினைவுக்கு வந்தாள். ஏழு மாதமாக வெள்ளிக்கிழமைதோறும் தானாகப் போன அந்தப் பட்டியலும்.

"வர்றேன்க்கா."

"நெஜமாவா? பொறவு போன எடுக்காம இருக்கக் கூடாது."

"வர்றேன்னு சொன்னேன்ல. பஸ்ஸ புடிங்க, போய்டும்."

மனு ஏற்கப்பட்டு, செப்டம்பர் 26 காலை பதினொரு மணிக்கு முதல் விசாரணை என்று இரு தரப்புக்கும் கடிதம் போனது. சாட்சியாகத் தன் பெயர் இருப்பதை அம்பரீன் மறைக்கவில்லை. அந்தக் கடிதம் ஆலைக்குப் போன மறுநாள், நிறுவனத்தின் தகவலை வெளியாளுக்குக் கொடுத்தது ஏன் என்று விளக்கம் கேட்டு அவளுக்கு ஒரு மெமோ வந்தது. பதினைந்து பக்கம் விளக்கம் எழுதினாள்.

செப்டம்பர் 26 அன்று அன்னம்மாளும் அம்பரீனும் பத்தரைக்கே போய்த் தொழிலாளர் துறை அலுவலகத்தின் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பதினொன்றுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். மேசையின் மறுபக்கம் நிறுவனத்துக்காகப் போட்டிருந்த இரண்டு நாற்காலிகளும் காலியாக இருந்தன. பதினொன்றே முக்கால் வரை பார்த்தார்கள். யாரும் வரவில்லை. அடுத்த விசாரணை நவம்பர் 14 என்று எழுத்தர் குறித்துக் கொடுத்தார்.